நாளைக்குன்னா நாளைக்குத்தான்

புள்ளைங்களுக்குப் பொறுமை, விட்டுக்கொடுக்கிறது, நாலு பேர்கிட்ட எப்படிப் பழகுறது... இதையெல்லாம் யாருங்க சொல்லிக் குடுக்கணும்? பள்ளிக்கூடத்துல கேட்டா "வீட்டுல சொல்லிக் குடுங்க சார்"ங்கிறாங்க. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களைக் கேட்டா "இவ்வளவு ஃபீஸ் கட்டுறீங்க, இதைக்கூடவா பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலை"ங்கிறாங்க. ஆக, புள்ளை நடுவுல நிக்குது.

கோடை விடுமுறை வந்தா இதுக்குன்னே வகுப்பு வேற நடத்துறாங்க. அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, நீச்சல், அதுக்குக் கீழ 'ஆளுமை வளர்ச்சி - பத்தே நாளில்'. போன வருஷம் வந்த நோட்டீஸைச் சின்னவனுக்குக் கப்பல் செஞ்சு குடுத்துட்டேன். நல்லா மிதந்துச்சு :-)

எங்க வீட்டு ஜனத்தொகையைச் சொல்லிடறேன். பெரியவளுக்கு ஒன்பது வயசு, சின்னவனுக்கு அஞ்சு. தங்கமணி, எங்கம்மா (பசங்களுக்கு அப்பத்தா), அப்புறம் அடியேன். ஊர் மதுரை. நான் மனநல நிபுணர் எல்லாம் கிடையாது. வீட்டுல பார்த்ததையும் கொஞ்சம் படிச்சதையும் சேர்த்து எழுதறேன், அவ்வளவுதான்.

புலனடக்கம்னு பேச்சு வந்தா உடனே யாராவது ஒருத்தர் அந்த மிட்டாய்க் கதையைச் சொல்லுவாங்க. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல வால்டர் மிஷெல்னு ஒரு உளவியல் பேராசிரியர். 1960களின் கடைசியிலயும் 70களின் தொடக்கத்துலயும் அந்த வளாகத்துல இருந்த பிங் நர்சரிப் பள்ளிக் குழந்தைகளை வெச்சு ஒரு சோதனை செஞ்சார். குழந்தை முன்னாடி ஒரு மார்ஷ்மெல்லோ. பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கிற மிட்டாய். "இப்பவே வேணும்னா இந்த ஒண்ணைச் சாப்பிடலாம். நான் திரும்பி வர்ற வரைக்கும் சாப்பிடாம இருந்தா ரெண்டு கிடைக்கும்"னு சொல்லிட்டு ஆள் வெளியே போயிருவார். சில குழந்தைங்க உடனே லபக். சில குழந்தைங்க கண்ணை மூடிக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு, திரும்பி உக்காந்துக்கிட்டுப் பதினஞ்சு நிமிஷம் வரைக்கும் தாக்குப் பிடிச்சாங்க. காத்திருந்த குழந்தைங்க வளர்ந்த பிறகு படிப்புலயும் கெட்டிக்காரங்களா இருந்தாங்கன்னு 1990ல ஒரு கட்டுரை வந்துச்சு. அவ்வளவுதான், உலகம் பூரா "உங்க குழந்தை காத்திருக்குமா?"ன்னு கிளம்பிட்டாங்க.

இந்தக் கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் இதோட நிறுத்திக்குவாங்க. இதுக்குப் பின்னாடி வந்ததுதான் எனக்கு முக்கியமாப் படுது.

2013ல ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல செலஸ்ட் கிட்ங்கிற ஆய்வாளரும் கூட ரெண்டு பேரும் அதே சோதனையைச் செஞ்சாங்க. ஆனா மிட்டாயைக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை பண்ணினாங்க. குழந்தைகிட்ட பழைய கிரையான்களைக் குடுத்துட்டு, "கொஞ்சம் பொறு, இதைவிட நல்லதா கொண்டு வர்றேன்"னு சொல்லிட்டுப் போனாங்க. பாதிக் குழந்தைகளுக்குச் சொன்ன மாதிரியே புதுசா நிறையக் கொண்டு வந்து குடுத்தாங்க. மீதிப் பாதிக்கு வெறுங்கையோட வந்து "மன்னிச்சுக்கோ, இல்லையாம்"னு சொன்னாங்க. அடுத்து ஸ்டிக்கர்லயும் இதே கதை. அதுக்கப்புறம்தான் மிட்டாய்.

என்ன ஆச்சு தெரியுமா? சொன்ன சொல் காப்பாத்தப்பட்ட குழந்தைங்க சராசரியா 12 நிமிஷம் காத்திருந்தாங்க. ஏமாந்த குழந்தைங்க 3 நிமிஷம். முதல் கூட்டத்துல 14 பேர்ல 9 பேர் கடைசி வரைக்கும் தாங்கினாங்க. ரெண்டாவது கூட்டத்துல 14 பேர்ல ஒரே ஒரு குழந்தை!

மொத்தமே 28 குழந்தைங்கதான், சின்ன ஆய்வுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்த ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரிக் குழந்தைங்க. வித்தியாசம் அவங்க எதிர்ல நின்ன பெரியவங்க பேச்சுலதான் இருந்துச்சு. செலஸ்ட் கிட் சின்ன வயசுல, வீடில்லாத குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு இல்லத்துல தொண்டு செஞ்சவங்களாம். அங்க இருக்கிற குழந்தைங்க எல்லாம் மிட்டாயை உடனே தின்னுருமேன்னு அப்பத் தோணினதுதான் இந்த ஆய்வுக்கு விதை.

2018ல வேற ஒரு குழு 900க்கும் மேற்பட்ட குழந்தைகளோட விவரங்களை எடுத்துப் பார்த்தாங்க. காத்திருக்கிறதுக்கும் பின்னாடி வர்ற படிப்புக்கும் பழைய ஆய்வு சொன்ன தொடர்பு பாதி அளவுக்குத்தான் இருந்துச்சு. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல் எல்லாத்தையும் கணக்குல சேர்த்ததும் அந்தப் பாதியிலயும் மூணுல ரெண்டு பங்கு காணாமப் போயிருச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துச்சு.

1996ல நான் எட்டாம் வகுப்பு. அப்பாவுக்கு மில் வேலை. மாசத்துல பாதி நாள் வேலை இருக்காது. நான் ஒரு சைக்கிள் கேட்டேன். "அடுத்த மாசம் பாப்போம்டா"ன்னார். அடுத்த மாசம் கேட்டேன். "பொங்கலுக்குள்ள". பொங்கல் போச்சு. "முழுப்பரீட்சை முடியட்டும்". பரீட்சையும் முடிஞ்சுச்சு. எங்கப்பா அகராதியில 'அடுத்த மாசம்'ங்கிறது 'இல்லை'ங்கிறதோட மரியாதையான வடிவம்னு எனக்குப் புரிய ரெண்டு வருஷம் ஆச்சு. சைக்கிள் வரவே இல்லை.

அந்த வயசுல எனக்கு 'அவசரக்குடுக்கை'ன்னு பேரு. திருவிழாக் காசு கையில விழுந்தா அஞ்சாவது நிமிஷம் செலவாகியிருக்கும். பலகாரம் வந்தா நாளைக்குன்னு எடுத்து வைக்கிற பேச்சே கிடையாது. இந்தப் பையனுக்கு அடக்கமே இல்லைன்னு வாத்தியாருங்க சொன்னாங்க. இப்ப யோசிச்சா, அந்தப் பையன் கணக்கு சரியாத்தான் போட்டிருக்கான். நாளைக்கு வரும்னு சொன்னது எதுவும் வந்ததில்லை. கையில இருக்கிறதை விடுறது முட்டாள்தனம்!

இது சம்பந்தமா போன வருஷம் எங்கம்மாவுக்கும் எனக்கும் ஒரு பேச்சு நடந்துச்சு. சின்னவன் ரிமோட் கார் கேட்டு அழுதுக்கிட்டு இருந்தான். நான் "இல்லப்பா, இப்ப வாங்கப் போறதில்லை"ன்னு சொல்லிட்டேன். அம்மாவுக்குப் பொறுக்கலை.

"ஏன்டா, புள்ளை இப்படி அழுவுறான். நாளைக்கு வாங்கித் தர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிருவ?"

"நாளைக்கு வாங்கப் போறதில்லையேம்மா."

"அதெல்லாம் அவனுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது?"

"எனக்கு இருக்கேம்மா, சைக்கிள்" அப்படின்னேன். சண்டை போடணும்னு சொல்லலை. வாயில வந்துருச்சு.

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "ஒவ்வொரு தடவை நீ கேட்டப்பவும் உங்கப்பா ராத்திரி சரியாச் சாப்பிட மாட்டாரு. இல்லைன்னு சொல்ல அவருக்கு மனசு வராதுடா"ன்னாங்க.

அது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. இல்லைன்னு சொல்ல மனசு வராத மனுஷன்மேல எப்படிங்க கோவப்படுறது? ஆனா ஒண்ணு மட்டும் தெளிவா இருக்கு. "காசு இல்லடா தம்பி"ன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஒரு நாள் அழுதிருப்பேன். ரெண்டு வருஷம் காத்திருந்திருக்க மாட்டேன்.

அதனால எங்க வீட்டுல இப்போ முதல் சட்டம்: நாளைக்குன்னா நாளைக்குத்தான். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிரணும். ஞாயித்துக்கிழமை ஜிகர்தண்டான்னு சொன்னா தினசரி காலண்டர்ல அந்தத் தாள்ல எழுதி வெச்சுருவோம். சின்னவன் தினமும் தாளைக் கிழிச்சு எண்ணிக்கிட்டே வருவான். ஒரு ஞாயிறு செம மழை, கிளம்பவே முடியலை. அவன் அழுறதுக்கு முன்னாடியே தங்கமணி அவனைக் கூப்பிட்டு, திங்கக்கிழமைத் தாள்ல அவன் கையாலயே எழுத வெச்சாங்க. திங்கக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போனேன். இப்பல்லாம் "எழுதுப்பா"ன்னு மட்டும்தான் கேக்குறான். எழுதிட்டா போயிருவான். எழுத்துமேல இவ்வளவு மரியாதை வெச்சிருக்கிற வாசகன் எனக்கு வேற யாரும் இல்லை :-)

செல்போனுக்கும் இதே கதைதான். "அஞ்சு நிமிஷம்"னா கடிகாரத்துல அஞ்சு நிமிஷம். நாம யார்கூடவோ பேசிக்கிட்டு இருபது நிமிஷம் விட்டுட்டு, திடீர்னு புடுங்கினா அவனுக்கு அஞ்சு நிமிஷம்னா எவ்வளவுன்னே தெரியாமப் போயிரும். சமையலறை டைமர் அடிச்சதும் குடுத்துடணும். மொத வாரம் போர்க்களம். ரெண்டாவது வாரம் முணுமுணுப்பு. இப்ப சில நாள் அவனே நீட்டுறான். சில நாள் போர்க்களமும் உண்டு, மறைக்கலை.

ரெண்டாவது, விளையாட்டு. அமெரிக்காவுல ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல மேகன் மெக்லெல்லண்ட்ங்கிறவங்க குழந்தைகளோட தன்னடக்கத்தை அளக்க ஒரு விளையாட்டு வெச்சிருக்காங்க. "தலையைத் தொடு"ன்னா காலைத் தொடணும், "காலைத் தொடு"ன்னா தலையைத் தொடணும். கை தானாப் போறதை மூளை பிடிச்சு நிறுத்தணும். அட, இது நம்ம ஸ்டேச்சூ விளையாட்டோட ஒண்ணுவிட்ட தம்பி! அசையணும்னு உடம்பு துடிக்கும், அசைஞ்சா அவுட்.

தாயம் அதைவிட ஒரு படி மேல. தாயம் விழாம காயை இறக்க முடியாது. எதிராளி பாதி தூரம் போயிருப்பான், நாம இன்னும் உருட்டிக்கிட்டே உக்காந்திருக்கணும். கஷ்டப்பட்டுக் கொண்டு போன காயை ஒருத்தர் வெட்டிருவார். மறுபடியும் முதல்லேருந்து. காத்திருக்கிறது, முறை வைக்கிறது, தோக்குறது, தோத்த பிறகும் பலகையை எத்தாம இருக்கிறது, ஜெயிச்சா ரொம்ப ஆடாம இருக்கிறது... பத்து நாள் ஆளுமை வளர்ச்சி வகுப்புல இதுக்கு மேல என்ன சொல்லித் தருவாங்க? எங்கம்மா தயவு தாட்சண்யம் பார்க்காம பேரன் காயை வெட்டுவாங்க. அவன் மொதல்ல பலகையை எத்தினான். அம்மா ஒண்ணும் சொல்லாம காய்களைப் பொறுக்கி வெச்சுட்டு, "ஆட்டம் முடிஞ்சுச்சு. நாளைக்கு ஆடுவோம்"னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. மறுநாள் ஆடினாங்க. இப்ப எத்துறதில்லை. உதட்டைக் கடிச்சுக்குறான்.

மூணாவது, கோவத்துக்குப் பேர் வைக்கிறது. சின்னவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் 'கோவம்' ஒண்ணுதான். பசிச்சாலும் கோவம், அக்காவுக்குப் பரிசு கிடைச்சாலும் கோவம். நம்ம மொழியில இதுக்கு எத்தனை வார்த்தை இருக்கு! எரிச்சல், ஏக்கம், பொறாமை, ஆத்திரம், ஏமாற்றம். "உனக்குக் கோவமா, ஏக்கமா?"ன்னு கேட்டா ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கிறான். அந்த ஒரு நிமிஷத்துல பாதி வேகம் இறங்கிருது. போன மாசம் அக்கா டிராயிங்ல கப்பு வாங்கிட்டு வந்தப்ப அவனே வந்து, "அப்பா, எனக்குக் கொஞ்சம் ஏக்கமா இருக்கு"ன்னான். சிரிக்கவும் முடியலை, அழவும் முடியலை.

நாலாவது, மன்னிப்பு. அடிச்ச கையோட கழுத்தைப் புடிச்சு "சாரி சொல்லு, சொல்லு"ங்கிறதுல எனக்கு நம்பிக்கை இல்லை. வாய் சொல்லும், கண்ணு அடுத்த அடிக்கு எடம் பாத்துக்கிட்டு இருக்கும். அடிபட்டவனுக்குத் தண்ணி கொண்டு வந்து குடு, உடைச்ச கோபுரத்தைக் கூட இருந்து கட்டிக் குடுன்னு சொல்றோம். மீதியைப் பசங்களே பாத்துக்குவாங்க. காய் விட்டுப் பழம் விடறது இருக்கே, அதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த அறிஞர் கண்டுபிடிச்சார்? கோவம் ஆரம்பிச்சதும் அறிவிப்பு, முடிஞ்சதும் அறிவிப்பு. பெரியவங்க நாமதான் அறிவிக்காமலே வருஷக்கணக்கா காய் விட்டுக்கிட்டு இருக்கோம்.

அப்புறம் இந்தப் பூச்சாண்டி, போலீஸ் மாமா, ஊசி போடுற டாக்டர். இவங்களை வீட்டுக்குள்ள விடறதில்லை. காரணம் அதேதான். பூச்சாண்டி வரமாட்டான்னு ஒரு நாள் தெரியும். அன்னிக்கு நாம சொன்ன மத்ததும் சேர்ந்து பொய்யாயிரும்.

மூளையில ஆசையைக் கட்டுப்படுத்துற முன்பகுதி முழுசா வளர இருபது வயசு தாண்டிப் பாதி இருபதுகள் ஆகும்கிறாங்க. அஞ்சு வயசுக்காரன்கிட்ட முழு அடக்கத்தை எதிர்பார்க்கிறது, மாங்கன்னு நட்ட மறுநாள் மாம்பழம் கேக்குற மாதிரி. அதுவரைக்கும் அவனுக்குப் பதிலா நாம கொஞ்சம் அடக்கமா இருக்கணும், அவ்வளவுதான்.

அம்மாவும் மாறிட்டாங்க. போன வாரம் சின்னவன் பஞ்சுமிட்டாய் கேட்டான். அம்மா சுருக்குப்பையைத் திறந்து காட்டி, "இன்னிக்கு அப்பத்தாகிட்ட காசு இல்லைய்யா. வெள்ளிக்கிழமை பென்ஷன் வரும், அன்னிக்கு வாங்கித் தர்றேன்"னாங்க. அவன் உள்ள ஓடிப் போய்ப் பேனாவோட வந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில எங்கம்மா எல்லாருக்கும் முன்னாடி கிளம்பி நின்னாங்க.

உங்க வீட்டுல 'நாளைக்கு'க்கு என்ன அர்த்தம் மக்களே? சொல்லிட்டுப் போங்க.