நெக்கர் ஆற்றங்கரையில் ஒரு தமிழ் வகுப்பு

ஜெர்மனியின் மிகப் பழைய பல்கலைக்கழகம் ஹைடல்பர்க் நகரில் இருக்கிறது. தொடங்கிய ஆண்டு 1386. அங்கே 1962இல் உருவான தெற்காசிய நிறுவனத்தில் இந்தி, உருது, வங்காளத்தோடு தமிழும் கற்பிக்கிறார்கள். கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பட்டம் பெற்ற எனக்கு, அங்கே ஓராண்டு தமிழ் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு வந்தது. "ஜெர்மன்காரனுக்குத் தமிழ் எதுக்கும்மா?" என்று அப்பா கேட்டார்.

ஹைடல்பர்க் நடந்தே பார்க்கக்கூடிய ஊர். நடுவே நெக்கர் ஆறு. ஒரு கரையில் பழைய நகரம், அதற்கு மேலே மலைச்சரிவில் சிவப்பு மணற்கல் கோட்டை. பழைய பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில் ஏறினால் 'தத்துவஞானிகள் பாதை'. கோட்டை, பாலம், ஆறு மூன்றையும் அங்கிருந்து ஒரே பார்வையில் பார்க்கலாம். அக்டோபர் நடுவில் வகுப்புகள் தொடங்கின. டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும்.

பல்கலைக்கழக வழக்கங்களும் புதிதாக இருந்தன. அட்டவணையில் பத்து மணி என்றால் வகுப்பு பத்தேகாலுக்குத்தான். இது அங்கே பல காலமாக இருந்துவரும் நடைமுறை. வகுப்பு முடிந்ததும் கைதட்ட மாட்டார்கள். விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் பாராட்டு.

என் வகுப்பில் எட்டுப் பேர். மானிடவியல் ஆய்வுக்காக மதுரைக்குப் போகவிருந்த ஒருவர், சமஸ்கிருதம் படித்துவிட்டுத் தமிழுக்கு வந்த ஒருவர், பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எனப் பல தரப்பினர்.

நாம் இயல்பாகப் பேசுவதை அவர்களுக்கு விளக்கியே ஆகவேண்டும். 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் என்ன வேறுபாடு? "நாளைக்கு நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்றால் உங்களுக்கு அழைப்பில்லை என்று பொருள். சொன்னதும் வகுப்பே சிரித்தது. ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். சில இடங்களில் இரு மொழிகளும் கைகோத்துக்கொள்ளும். 'எனக்குக் குளிர்கிறது' என்பதை ஜெர்மானியர் 'மிர் இஸ்ட் கால்ட்' என்பார்கள். அதிலும் 'எனக்கு' இருக்கிறது! 'நீ', 'நீங்கள்' போலவே அவர்களுக்கு 'டூ', 'ஸீ'.

எந்தத் தமிழ்?

எட்டுப் பேரில் ஒருவர் ஈழத் தமிழ்ப் பெண். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்த பல குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அம்மா தமிழில் கேட்பார், மகள் ஜெர்மனில் பதில் சொல்வார். எல்லாம் புரியும், வாய்தான் திறக்காது. சின்ன வயதில் ஒரு கல்யாண வீட்டில் இவர் பேசிய தமிழைக் கேட்டு உறவினர்கள் சிரித்தார்களாம். அன்றோடு நிறுத்திவிட்டார். இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவோடு தொலைபேசியில் கதைக்கவேண்டும். அதற்காகவே வகுப்புக்கு வந்திருந்தார்.

ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி, "நேற்று அம்மா பேசினவ" என்றார். அம்மா ஏதோ உரையாடினார் என்று மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் 'பேசுவது' என்றால் கடிந்துகொள்வது, உரையாடுவதற்குக் 'கதைப்பது'. பலகையில் மூன்றையும் எழுதினேன்: யாழ்ப்பாணத்தில் 'பேசினவ', தமிழ்நாட்டில் 'திட்டினாங்க', எங்கள் கிள்ளானில் 'ஏசினாங்க'. "மூன்றும் தமிழ்தான்" என்றேன். "அப்ப நான் கதைக்கிறது பிழை இல்லையா, டீச்சர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதன் பிறகு அவர் எழுத்துத் தமிழைப் புத்தகத்திலிருந்து படித்தார். பேச்சுத் தமிழை அம்மாவிடமிருந்தே எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஜெர்மன் மாணவர்கள் வாக்கியத்துக்கு நான்கு பிழை விட்டாலும் கூசாமல் பேசுவார்கள். ழகரம் வராவிட்டால் பத்து முறை முயல்வார்கள். தமிழ் வீட்டில் பிறந்தவரோ ஒரு பிழைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார். அந்நியர் பேசினால் பாராட்டுகிறோம். நம் பிள்ளை பேசினால் குறை சொல்கிறோம்.

முந்நூறு ஆண்டுத் தொடர்பு

ஜெர்மனியில் தமிழ் புதிதன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் பழகியவர். லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சானது. 1714இல் அவர் ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் சென்றார். பனிக்காலத்தில் ஹாலேக்குப் போய்ப் பழைய கட்டடங்களைப் பார்த்தபோது எனக்கு நினைவில் நின்றவர் மலையப்பன்தான். தமிழோடு அந்தக் குளிருக்குள் எனக்கு முன்பே போனவர்!

ஜூலை கடைசியில் வாய்மொழித் தேர்வு. அந்தப் பெண் பத்து நிமிடம் தன் அம்மம்மாவைப் பற்றி யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசினார். நடுவில் இரண்டு ஜெர்மன் சொற்கள் வந்தன. அதற்கு முந்தின வாரம் முதல்முறையாகத் தானே அம்மம்மாவை அழைத்து, "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டதாகவும் சொன்னார்.

அப்பாவின் கேள்விக்கு ஆளுக்கொரு பதிலை என் மாணவர்களே வைத்திருந்தார்கள். எனக்கு இப்போது நம் வீடுகளைப் பற்றித்தான் யோசனை. இங்கே தமிழ்ப்பள்ளி இருக்கிறது, வானொலி இருக்கிறது, நாளிதழ் இருக்கிறது. ஆனாலும் நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறார்கள். மலாயும் ஆங்கிலமும் கலந்து அவர்கள் தமிழ் பேசும்போது கேலி செய்யவேண்டாம். சொல்லி முடிக்கட்டும். விடுபட்ட சொல்லை நாம் அடுத்த வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னால் போதும், அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.