சுர்ரென்ற பெட்டி

சித்திரை, வெள்ளி

தங்கச்சி மகள் வாங்கியிருக்கும் லேசர் கட்டிங் மெஷினை இன்று திறந்து பார்த்தேன். ஊர் உலகமெல்லாம் 'கே40' என்று சொல்கிற சீனத்து மெஷின். தகரப் பெட்டி, 30 செ.மீ.க்கு 20 செ.மீ. அளவில் வெட்டும் மேடை, பின்பக்கம் 70 செ.மீ. நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். 40 வாட் என்பது பேருக்குத்தான். இந்த நீளக் குழாயில் 30, 35 வாட் வந்தாலே பெரிது. யாரோ வைத்து ஓட்டியதைக் குறைந்த விலைக்கு வாங்கி, மரப்பலகையில் வேலும் மயிலும் சேவற்கொடியும் வெட்டிக் கோயில் பக்கத்துக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வைகாசி விசாகத்துக்கு ஆர்டர் நிறைய இருக்கிறது.

"மாமா, 60 வாட் குழாய் மாத்தணும். மூணு எம்எம் பலகையக்கூட ரெண்டு தடவ ஓட்டினாத்தான் வெட்டுது" என்றாள். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டாள். காப்பி கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னாள்: "பெட்டிய வெறுங்கையால தொட்டா லேசா சுர்ருங்கு. செருப்புப் போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியல."

60 வாட் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன். முதலில் அந்த சுர்.

மெஷினுக்குள் இருக்கும் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டச் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று, இரண்டும் பெட்டியின் உடம்பில் வந்து சேரும். எர்த் சரியாக இருந்தால் அந்தத் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டி 230-இல் பாதி, 115 வோல்ட் அளவில் அந்தரத்தில் நிற்கும். தொட்டால் சுர்ரென்னும். அந்த சுர் ஆளைக் கொல்லாது. ஆனால் எர்த் கம்பி எங்கோ அறுந்து கிடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. குழாய்க்குப் போகும் லைனில் 20,000 வோல்ட் வரை ஏறுகிற மெஷின் இது. அந்த லைன் ஒரு நாள் பெட்டியில் பொறி தட்டினால், எர்த் இல்லாத பெட்டியைத் தொட்டவர் பிழைப்பது சந்தேகம்.

பிளக்கைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சனி

மல்டிமீட்டரின் ஒரு முனையை மெஷின் பிளக்கின் பெரிய பின்னில் வைத்து, மறுமுனையைப் பெட்டியின் திருகில் வைத்தேன். சத்தமே இல்லை. பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் பச்சை-மஞ்சள் கம்பி ஒழுங்காக வந்து, ஒரு லக்கில் ஏறி, போல்ட்டில் முடுக்கப்பட்டிருக்கிறது. முடுக்கிய இடம் பெயின்ட்டின் மேல்! லக்குக்கும் தகரத்துக்கும் நடுவே மழமழவென்று பவுடர் கோட்டிங். கண்ணுக்கு எர்த், மின்சாரத்துக்குச் சுவர். மூடி இன்னும் மோசம். கீல் வழியாக மட்டுமே பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, கீலிலும் பெயின்ட்.

இதைச் சுரண்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் போய்விடுவார்கள். நான் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டையும் பார்த்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 226. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 226. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சுத்தமாகப் பூஜ்யம். பார்க்க அழகான கணக்கு, எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. பக்கத்திலேயே அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டு மறுபடி பார்த்தேன். அவ்வளவு கரண்ட் ஓடும்போது நியூட்ரல் ஒன்றிரண்டு வோல்ட்டாவது ஏற வேண்டும். பூஜ்யம் அசையவில்லை. கவரைக் கழற்றினால், நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு விரல் நீளக் கறுப்புக் கம்பி. வீட்டுக்கு எர்த் குழி தோண்டாமல், கேட்டவர்களுக்குக் காட்டுவதற்காக யாரோ போட்டுவிட்டுப் போன லூப்.

இதில் உள்ள அபாயத்தை அவளுக்குப் படம் போட்டுக் காட்டினேன். மெஷினில் பெயின்ட்டை மட்டும் சுரண்டியிருந்தால் சுர் நின்றிருக்கும், எல்லோருக்கும் நிம்மதி. பிறகு ஒரு காற்று நாளில் போஸ்ட்டில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால், வீட்டில் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தாலே போதும். அந்த ஃபேன் வழியாக ஃபேஸ் நியூட்ரலுக்கு வரும், லூப் வழியாகப் பெட்டிக்கு வரும். மெஷின் ஆஃபில் இருந்தாலும் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். அரைகுறை எர்த், எர்த் இல்லாததைவிடக் கொடியது. முப்பது வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். இந்த லூப்பை எங்கே பார்த்தாலும் கோபம் வருகிறது.

ஞாயிறு

அந்த லூப்பை எடுத்தாயிற்று. இன்று கொல்லையில் எர்த் குழி. இந்த ஊரில் எர்த் போடுவது தனி விஷயம். மேற்கே தேரிக்காட்டுப் பக்கம் போனால் செம்மணல், வேனிலில் எவ்வளவு தோண்டினாலும் காய்ந்து கிடக்கும், எர்த்தின் தடை, அதாவது ஓம், இறங்கவே இறங்காது. கடலோரத்தில் கொஞ்சம் தோண்டினாலே உப்பு ஈரம், ஓம் சட்டென்று இறங்கிவிடும். ஆனால் அதே உப்பு ஜி.ஐ. பைப்பைத் தின்றுவிடும். கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போடுவது பழைய வழக்கம். இங்கே உப்பு போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மண்ணிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. இரண்டரை மீட்டர் பைப், சுற்றிலும் கரி, மேலே சின்னச் சிமென்ட் தொட்டி. கிளாம்ப் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், மண்ணுக்குள் புதைத்தால் துருப் பிடித்தது யாருக்கும் தெரியாது. எர்த் டெஸ்டர் வைத்துப் பார்த்ததில் 5 ஓமுக்குள் வந்தது.

எர்த் மட்டும் போதாது. அவள் வீட்டு போர்டில் 16 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கிறது. நாளைக்கு உப்பு தின்று எர்த் 20 ஓமாக ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ் பெட்டியில் பட்டால் 230-ஐ 20-ஆல் வகுக்க, பதினொன்றரை ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரண லோடு என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும், பெட்டியில் மின்சாரம் நிற்கும். அதனால்தான் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டேன். போன கரண்டும் திரும்பிய கரண்டும் அந்த அளவு வித்தியாசப்பட்டாலே அது விழுந்துவிடும். பட்டனை அழுத்திச் சோதித்தும் காட்டினேன்.

ஒன்றை அழுத்திச் சொன்னேன்: ஆர்.சி.சி.பி. காப்பது வீட்டு மின்சாரத்திடமிருந்து மட்டும். குழாயின் சிவப்பு லைனில் கை வைத்தால் அது அறியாது.

முத்துக்குளித்த காலத்தில் மாப்பிள்ளை முங்கினால் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கச்சி தாலிக்கு உத்தரவாதம் உள்ளவன் கயிற்றை விடமாட்டான். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். எர்த் கம்பியை நான் அந்தக் கயிறாகத்தான் பார்க்கிறேன்.

செவ்வாய்

இன்று முழுக்க மெஷினுக்குள். போல்ட் இருந்த இடத்தில் பெயின்ட்டை எமரி பேப்பரால் தேய்த்துத் தகரம் பளபளக்கும் வரை எடுத்தேன். பல்லுள்ள வாஷர், ஈயம் பூசிய செம்பு லக், மேலே இன்னொரு நட்டு. முடுக்கிய பிறகு வாஸ்லின் பூசினேன். இந்தக் காற்றில் வெறும் செம்பு ஒரு மழைக்காலத்துக்குள் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். மூடிக்கும் முன்கதவுக்கும் தனித்தனியே பின்னல் கம்பி. பிளக் பின்னிலிருந்து ஒவ்வொரு தகடாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் மீட்டர் பாடியது.

பழைய ஆள் முறுக்கி டேப் சுற்றி வைத்த ஜாயின்ட் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு கறுத்து, இழை இழையாகப் பொடிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. எல்லாம் புது வயர், கிரிம்ப் செய்த லக், மேலே சுருங்கும் ஸ்லீவ். 230 வோல்ட் ஒரு ஓரம், மோட்டாருக்கும் போர்டுக்கும் போகும் 24, 5 வோல்ட் இன்னொரு ஓரம். மோட்டாருக்குத் தனி 24 வோல்ட் சப்ளை கொடுத்தேன். லேசர் சப்ளையிலிருந்தே எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுத்திருந்ததால்தான் நடுநடுவே கோடு தவறியது என்று நினைக்கிறேன்.

புதன்

குழாயின் ஆனோடு முனை. முன்பிருந்தவர் அங்கேயும் டேப்தான் சுற்றியிருந்தார். இரவில் 'டிக் டிக்' என்ற சத்தமும் ஒரு கார நெடியும் வருவதாக அவள் சொன்னது இதுதான். பிளக்கைப் பிடுங்கி நெடுநேரம் விட்டு, நீளமான பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் எர்த் கம்பியைக் கட்டி முனையைத் தொட்டு மிச்சக் கரண்டை இறக்கிவிட்டுத்தான் கை வைத்தேன். இங்கே ஈயப்பற்று வைக்கக் கூடாது, சூட்டில் கண்ணாடி விரியும். கம்பியைச் சுற்றி, சிலிக்கான் குழலை ஏற்றி, சிலிக்கான் பேஸ்ட்டை நிரப்பினேன். வினிகர் வாசம் வருகிற பேஸ்ட் உலோகத்தை அரிக்கும், வாசமில்லாத வகைதான் வேண்டும். நாளை மாலை வரை காய வேண்டும்.

வியாழன்

காய்கிற நேரத்தில் அவளுக்கு இந்தக் குழாயின் கதையைச் சொன்னேன். கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர், குமார் படேல். புனே மாவட்டத்துப் பாராமதியில் 1938-இல் பிறந்து, புனே இன்ஜினியரிங் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் 1964-இல் செய்தது. வெறும் கார்பன் டை ஆக்சைடில் மில்லிவாட் கணக்கில்தான் வெளிச்சம் வந்தது. நைட்ரஜனைச் சேர்த்ததும் வேகம் எடுத்தது, பிறகு ஹீலியம். இவள் மெஷின் குழாய்க்குள்ளும் அதே மூன்று வாயுக்கள்தான். 'ஃபேப் லேப்' என்கிற பொதுப் பட்டறைகளில் அமெரிக்காவுக்கு வெளியே முதலாவது 2002-இல் தொடங்கியதும் அதே புனே மாவட்டத்தில்தான், பாபல் கிராமத்து விஞ்ஞான ஆசிரமத்தில். பட்டணத்துப் பெரிய கம்பெனிகளின் மெஷின்கள் கிராமத்துப் பிள்ளைகள் கையில் வர வேண்டும் என்று தொடங்கியது. கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வெளிச்சம் 10.6 மைக்ரான், கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கண் மூடாது, கருவிழி வெந்த பிறகுதான் தெரியும். நீல லேசருக்கு விற்கிற ஆரஞ்சுக் கண்ணாடி இதற்கு உதவாது, 10,600 நானோமீட்டர் என்று எழுதியதாக இருக்க வேண்டும். மூடியிலுள்ள அக்ரிலிக் சன்னல் சிதறி வரும் கதிரைத் தடுக்கும். மூடியைத் திறந்தால்தான் ஆபத்து, இந்த மெஷினிலோ மூடியைத் திறந்தாலும் லேசர் அணையாது.

வெள்ளி

அதை இன்று மாற்றினேன். பவர் சப்ளையில் பாதுகாப்புக்கென்று இரண்டு முனைகள் உண்டு. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் லேசர் வரும். அந்த வழியில் மூடிக்கு ஒரு ஸ்விட்ச், குழாய் இருக்கும் பின்கதவுக்கு ஒன்று, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஸ்விட்ச் ஒன்று, எல்லாம் வரிசையாக. ஏதாவது ஒன்று விட்டாலும், கம்பியே அறுந்தாலும், லேசர் நிற்கும். அறுந்தால் நிற்க வேண்டும், அறுந்தால் ஓடக் கூடாது: இது மட்டும்தான் இதில் இலக்கணம். முன்பக்கம் பெரிய சிவப்புப் பட்டன் வேறு. அது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும்.

மூடியைத் திறந்து திறந்து மூடி விளையாடினாள். "மாமா, இப்ப யாராவது பிள்ளைங்க வந்து திறந்தாலும் பயமில்லல்லா?" பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து போகிற இடம் அது.

வைகாசி, திங்கள்

தண்ணீர். குழாயைச் சுற்றி ஓடுவதற்குப் போர் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். இந்த ஊர் போர் தண்ணீரில் உப்பு, உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். குழாயிலிருந்து வாளிவரை கரண்ட் இறங்கும். எல்லாவற்றையும் வடித்துவிட்டு பேட்டரிக் கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டரை ஊற்றினோம். ஓடும்போது வாளியில் கை விடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினேன்.

மெஷின் புத்தகத்தில் தண்ணீர் 18 டிகிரியில் இருக்கட்டும் என்கிறார்கள். ஐஸ் பாட்டிலைப் போட்டு 18-க்கு இறக்கிப் பார்த்தோம், குழாய் வேர்த்துவிட்டது. கண்ணாடியில் திவலை திவலையாக ஈரம். கடற்காற்றில் அப்படித்தான். ஆனோடு பக்கம் அந்த ஈரம் போனால் போட்ட சிலிக்கானெல்லாம் வீண். 25, 26-இல் கண்ணாடி உலர்ந்து இருந்தது. 28-ஐத் தொட்டால் மணி அடிக்கும்படி மீட்டரை வைத்தேன். அதிகாலையில் வெட்டுவது என்று முடிவு. குழாய்க்கு 15 மில்லியாம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். 18-ஐத் தாண்டி ஓட்டினால் ஆயுசு போய்விடும்.

செவ்வாய்

இன்றுதான் வெட்டுகிற வேலை. கதிரைத் திருப்பும் கண்ணாடிகள் மூன்றையும் பஞ்சும் ஆல்கஹாலும் வைத்துத் துடைத்தோம். பஞ்சு பழுப்பானது, பலகைப் புகையும் கடற்காற்றும் சேர்ந்த அழுக்கு. காகித டேப் ஒட்டி, கிட்டவும் எட்டவும் ஒவ்வொரு பொட்டாகச் சுட்டு, புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை திருகுகளைத் திருப்பினோம். மூடி ஸ்விட்ச்சை எடுத்துவிட்டு அதன் இரண்டு கம்பிகளையும் தற்காலிகமாகச் சேர்த்து வைக்க வேண்டிய ஒரே வேலை இதுதான். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி போட்டவர்கள் தவிர யாரும் அறையில் இல்லை, முடித்ததும் முதல் வேலை ஸ்விட்ச்சை மாட்டியது. பிறகு லென்ஸ் பக்கத்தில் சின்னக் காற்றுக் குழல். காற்று புகையைத் தள்ளும், வெட்டுகிற இடத்தில் தீ பிடிக்காமலும் பார்த்துக்கொள்ளும்.

மூன்று எம்எம் பலகை 12 மில்லியாம்பியரில் ஒரே ஓட்டத்தில் விழுந்தது. வேலின் நுனிகூடக் கருகவில்லை. 60 வாட் குழாய்க்கு ஒரு மீட்டருக்கு மேல் இடம் வேண்டும், பெட்டியைக் கிழித்து நீட்ட வேண்டும், ஆனோடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அவளே சொன்னாள்: "வேண்டாம் மாமா, இது போதும்."

வியாழன்

அறையில் ஒரு மூலையில் ரெக்ஸின் துண்டுகளும் போர்டுக்கடையில் வாங்கிய நுரை ஷீட்டும் கிடந்தன. சாவிக்கொத்து செய்யப்போகிறாளாம். இரண்டும் பி.வி.சி. போலத் தெரிந்தன. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கெடுதல், நாம் துடைத்து வைத்த கண்ணாடிக்கும் லக்குகளுக்கும் கெடுதல். எது பி.வி.சி. என்று சந்தேகம் வந்தால் செம்புக் கம்பியைச் சூடாக்கி அந்தத் துண்டில் தொட்டு மறுபடி தீயில் காட்டினால் போதும், பச்சைச் சுவாலை வந்தால் உள்ளே குளோரின். இரண்டையும் தொட்டுக் காட்டினேன், இரண்டும் பச்சை. அக்ரிலிக்கும் மரமும் பனையோலையும் மட்டும் என்று பேசி முடித்தோம். ஓலை சட்டென்று பற்றும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்று மெஷினுக்குக் கைநீட்டும் தூரத்தில் வைத்தாயிற்று. ஓடும்போது யாரும் எழுந்து போகக் கூடாது.

சனி

விசாகத்துக்கான சரக்கு கடைக்குப் போய்விட்டது. சரக்கு வாங்கிய கடைக்காரர் மெஷினைப் பார்க்க வந்தாராம். மூடியைத் திறந்ததும் லேசர் நின்றதைப் பார்த்துவிட்டு, தன் மைத்துனர் வீரபாண்டியன்பட்டினத்தில் இதே மெஷின் வைத்திருப்பதாகவும், அதுவும் தொட்டால் சுர்ரென்பதாகவும் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை மீட்டரோடு போகிறேன். அதுவரைக்கும் பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லிப் போனில் சொல்லியாயிற்று.