மூத்தது கிடைக்கிறது, இளையது எங்கே?

1872இல் சிங்கப்பூரில் அச்சான முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு' நூலை, மலாக்கா மாநிலத்து நியாலாஸ் கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டே கைப்பேசியில் புரட்டலாம். காசு கேட்பாரில்லை, உறுப்பினர் அட்டை கேட்பாரில்லை. அறுபதுகளில் மலேசியாவில் அச்சாகி, எங்கள் தோட்டத்து லயங்களில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன ஒரு சிறுகதைத் தொகுப்போ எங்கு தேடியும் அகப்படவில்லை. இந்தத் தலைகீழ்க் கணக்கு எங்கே தொடங்கியது என்று பார்க்கத்தான் கிளம்பினேன்.

முதலில் மூத்தது. அதன் படி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருந்தது. சிங்கப்பூர் தேசிய நூலகம் அதை மின்னுருவாக்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது. சரி, இந்தப் பக்கத்துத் தமிழ் நூல்களுக்கு லண்டனில் என்ன வேலை? இந்த ஒன்று எப்படிப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. பின்னால் வந்தவற்றை அனுப்பிவைக்கச் சட்டமே இருந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் 1886ஆம் ஆண்டு நூல் பதிவுச் சட்டப்படி, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா எங்கே நூல் அச்சானாலும் மூன்று படிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகும்; அதன் நூலகம்தான் பிறகு பிரிட்டிஷ் நூலகமானது. பதிவானவற்றின் பட்டியல் அரசிதழில் வெளிவரும். 1857 கலகத்துக்குப் பத்தாண்டு கழித்து இந்தியாவில் வந்த அச்சக, நூல் பதிவுச் சட்டத்தின் வழித்தோன்றல் இது. உள்ளூர்க்காரன் என்ன எழுதுகிறான் என்று கண்வைக்கிற சட்டத்துக்குத் தமிழ்மேல் பாசம் ஏது? ஆனாலும் நம்மவர் தொலைத்த பலவற்றை அந்தச் சந்தேகக் கண்தான் காப்பாற்றிக் கொடுத்தது. இதற்காக வெள்ளைக்காரனுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இளையதைத் தேடி, புக்கிட் அசகான் பக்கம் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைப் பார்த்தேன். "புத்தகம் எங்க போச்சுன்னு கேக்குறியே தம்பி, அதப் படிச்ச சனம் எங்க போச்சுன்னு முதல்ல கேளு" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தொழிலாளரே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று ம.இ.கா. தலைவர் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதனால்தான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. போனவர்கள் பானை சட்டியையும் சாமி படத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள். தோட்டத்துப் படிப்பகத்தின் புத்தக அலமாரியை யார் தூக்குவது? அது பொதுச்சொத்து, ஆகவே யாருடையதும் இல்லை.

இராம சுப்பையா தொகுத்து மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்ட மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல் பட்டியல் எனக்குப் பெரிய துணை. நான் தேடிய தொகுப்பின் பெயர் அதில் இருந்தது. கடைசியில் ஒரு நூலகத்தில் படியும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். முழுதாக நகலெடுக்கக் கூடாது. ஆக நூல் அழியவில்லை, பூட்டிக் கிடக்கிறது. மலேசியச் சட்டத்தில் எழுதியவர் இறந்து ஐம்பது ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. இந்தியாவில் அறுபது, சிங்கப்பூரில் எழுபது. 1872 நூலுக்கு இந்தத் தடையெல்லாம் எப்போதோ நீங்கிவிட்டது. நடுவில் பிறந்த நூல்தான் மாட்டிக்கொண்டது: மறுபதிப்புப் போட வாங்குவார் இல்லை, இலவசமாகக் கொடுக்க உரிமை இல்லை. மலேசியாவின் 1986 சட்டப்படி இப்போது ஒவ்வொரு நூலிலும் ஐந்து படி தேசிய நூலகத்துக்குப் போகிறது. பாதுகாப்புக்கு நல்லது. நியாலாஸில் இருப்பவன் படிக்க அது போதாது.

தமிழ்நாட்டில் வேறு வழி கண்டார்கள். 1949இல் பாரதி பாடல்களின் உரிமையை அரசு வாங்கி, சில ஆண்டுகளில் பொதுவுடைமையாக்கியது; பின்னர் பலருடைய நூல்களை, குடும்பத்துக்குத் தொகை கொடுத்து, நாட்டுடைமை ஆக்கியது. அரசுக்குக் காத்திராதவர்களும் உண்டு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து தந்தார்கள். இலங்கையில் நூலகம் திட்டம் 2005 முதல், உயிரோடிருக்கும் எழுத்தாளரிடமும் அனுமதி கேட்டு வாங்கி வலையேற்றுகிறது. எனக்குப் பிடித்தது இந்தக் கேட்டு வாங்குகிற வழிதான். மெதுவாக நடக்கும், ஆனால் சண்டை வராது.

அந்தச் சிறுகதைக்காரர் 1978இல் இறந்தவர். சும்மா இருந்தால் 2029 ஜனவரி 1 அன்று அவர் கதைகள் எல்லாருக்கும் சொந்தமாகும். ஆனால் அவற்றை லயத்தில் படித்தவர்களுக்கு இப்போதே எண்பது வயது. ஜாசினில் இருக்கும் அவர் மகளைப் போய்ப் பார்த்தேன். "அப்பா எழுதினத வச்சு வேற யாராச்சும் காசு பண்ணிட்டா?" என்று கேட்டார். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டே உரிமம் தரலாம் என்று விளக்கினேன். அனுமதிக் கடிதத்தை மலாயிலும் எழுதித் தரச் சொன்னார். அண்ணன் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராதாம். இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், அண்ணனுடையது இன்னும் வர வேண்டும்.