ஒரு காசுக்கு ஒரு ஓட்டு



"எழுதினா காசு தர்றாங்களாம்டா!" விடுதியில் கிளம்பிய இந்தப் பேச்சை முதலில் நானும் நம்பவில்லை. ஆனால் விஷயம் உண்மைதான். 2016-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்டீமிட் தளம் இதற்கு முன்னோடி. நாம் எழுதியதைப் படிப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள். 7 நாள் கழித்து, அந்த ஓட்டுக்கு ஏற்ப 'ஸ்டீம்' என்ற மின் நாணயம் நம் கணக்கில் ஏறும். யார் சட்டைப் பையிலிருந்தும் வருவதல்ல அது. கணினி வலைப்பின்னல் அன்றாடம் புதிதாக உண்டாக்குவது. வாங்க ஆள் இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு. 2018 ஜனவரியில் 7 டாலரைத் தாண்டிய ஒரு ஸ்டீம், அந்த வருஷக் கடைசியில் அரை டாலர்கூடப் பெறவில்லை!

அதே வழியில் வந்த ஒரு தளத்தில் நானும் என் அறைத் தோழனும் சேர்ந்தோம். மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்தது 400 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதிலும் பாதி கணக்கிலேயே பூட்டிக் கிடக்கும். எடுக்க வேண்டுமானால் 13 வாரத் தவணை.

அவன் மெக்கானிக்கல் பிரிவு. ஓடாத மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ் மாற்றுவது எப்படி என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து, படம் வரைந்து எழுதினான். 19 பேர் ஓட்டுப் போட்டார்கள். வரவு பூஜ்யம்! அதே நாளில் ஒருவர் தன் டீக் கோப்பையைப் படமெடுத்துப் போட்டார். 3 ஓட்டு, 11 டாலர்.

"இது என்னடா கணக்கு?" என்று கொதித்தான்.

அங்கே ஓட்டை எண்ணுவதில்லை, எடை போடுகிறார்கள். யார் எவ்வளவு நாணயம் பூட்டி வைத்திருக்கிறாரோ அவ்வளவு கனம் அவர் ஓட்டுக்கு. அந்த 19 பேரும் நம்மைப் போல வெறுங்கைக்காரர்கள். எல்லார் ஓட்டும் சேர்ந்து 2 சென்ட்டை எட்டவில்லை. எட்டாவிட்டால் ஒன்றும் கிடையாது.

இந்தக் கனம் எதுவரை போகும் என்பதை 2020 காட்டியது. பிப்ரவரியில் டிரான் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். அதனிடமிருந்த நாணயக் குவியலை, பயனாளிகள் தேர்ந்தெடுத்த 'சாட்சிகள்' முடக்கினார்கள். மார்ச்சில் சில நாணயச் சந்தைகள், வாடிக்கையாளர்கள் நம்பிப் போட்டு வைத்திருந்த நாணயத்தைக் கொண்டே ஓட்டுப் போட்டன. முதல் 20 சாட்சிகளும் பதவி இழந்தார்கள். கோபப்பட்ட பயனாளிகள் மார்ச் 20-ல் 'ஹைவ்' என்று தனிக்குடித்தனம் போனார்கள். அங்கேயும் ஓட்டுக்கு நாணயம்தான் எடைக்கல் என்பது வேறு கதை.

நம் பேரவைத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். காரில் வருகிறவனுக்கும் ஒரு ஓட்டு, கடைசி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவனுக்கும் ஒரு ஓட்டு. 'என்ன பெரிய எலக்‌ஷன்!' என்று அன்றைக்கு சினிமாவுக்குப் போகும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

யாரும் சேராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. காசு எவ்வளவு வரும் என்று கேட்பதற்கு முன், யார் ஓட்டுக்கு எவ்வளவு கனம் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பின்குறிப்பாக ஒரு சேதி: பத்து நாள் கழித்து நைஜீரியாவிலிருந்து ஒருவர், "நீ சொன்னபடியே செய்தேன், மிக்ஸி ஓடுகிறது" என்று என் தோழனுக்கு எழுதியிருந்தார். பயல் அதை இன்னும் எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிகிறான்.