பயந்தா கையை எடுக்காதே!

பி.காம். படிக்கிறவனுக்குப் பாலைவன ஏரியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். போன கோடை விடுமுறைக்கு அமெரிக்காவில், ஃபீனிக்ஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து வடக்கே காரில் நாலரை மணி நேரம் போனால் பேஜ் என்று ஒரு சின்ன ஊர். வழியெல்லாம் சிவந்த பாறையும் புழுதியும்தான். திடீரென்று ஒரு வளைவில், நீலமாக பவல் ஏரி!

இது ஆறு செதுக்கிய பள்ளத்தாக்கில் மனிதர்கள் தேக்கிய ஏரி. கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணையைக் கட்டி 1963-ல் தண்ணீரைத் தேக்க ஆரம்பித்தார்கள். முதல்முறை நிரம்பியது 1980-ல்தான்.

அங்கே வாடகைக்கு ஜெட் ஸ்கி எடுத்தோம். ஜெட் ஸ்கி என்பது உண்மையில் கவாசாகி வைத்த பெயர். இந்த வண்டிக்கு வித்திட்ட கிளேட்டன் ஜேக்கப்சன் ஒரு மோட்டோகிராஸ் ஓட்டக்காரர். பாலைவன மண்ணில் விழுந்து விழுந்து அலுத்துப்போய், விழுவதென்றால் தண்ணீரில் விழலாமே என்று யோசித்தாராம். நியாயமான ஆள்!

வண்டிக்குள் சுழலும் விசிறி, அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சுகிறது. ஹேண்டில்பாரைத் திருப்பினால் பீய்ச்சும் குழாய்தான் திரும்பும். வாடகைக் கடைக்காரர் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஊரில் பைக் ஓட்டாதவனா நான்?

அண்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தான். மணிக்கு எழுபது கிலோமீட்டர் இருக்கும். தண்ணீர் கல் மாதிரி அடித்தது. ஒரு திருப்பத்தில் பாறைச் சுவர் நேராக எதிரே வந்துவிட்டது. நம்ம ஊரில் குறுக்கே மாடு வந்தால் என்ன செய்வோம்? ஆக்சிலேட்டரை விடுவோம். விட்டேன். ஹேண்டில்பாரை முழுசாகத் திருப்பினேன். வண்டி திரும்பவே இல்லை! நேராகச் சுவரை நோக்கிப் போனது. அந்த வண்டியில் பிரேக்கும் கிடையாது.

"டேய், கையை எடுக்காத! அமுக்குடா!" என்று அண்ணன் கத்தினான்.

சுவரைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்ட மனசு வருமா? கண்ணை மூடாத குறையாக அமுக்கினேன். தண்ணீர் பீறிட்டது, வண்டி சடாரென்று திரும்பியது. சுவருக்கும் எங்களுக்கும் ஒரு ஆள் நீளம்தான் இடைவெளி.

கொஞ்சம் தள்ளிப்போய் எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்தோம். கை நடுக்கம் நிற்கவில்லை. அப்போதுதான் அந்தச் சுவரைச் சரியாகப் பார்த்தேன். சிவப்புப் பாறையில் பல ஆள் உயரத்துக்கு வெள்ளைப் பட்டை. ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற இடம் அது, இறங்கியபோது உப்புப் படிவத்தை விட்டுப்போயிருக்கிறது. 2000-லிருந்து நீளும் வறட்சியில், 2023 தொடக்கத்தில் முழு அளவைவிட ஏறத்தாழ 180 அடி கீழே இறங்கிவிட்டதாம். வேகத்தில் போனபோது அது எனக்கு வெறும் வெள்ளைக் கோடு.

"அண்ணிகிட்ட சொல்லாத" என்றான் அண்ணன். நான் சொல்லவில்லை.

என் காஸ்ட் அக்கவுண்டிங் அரியர் கதை வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும். முதல் தடவை தேறாததும் பயந்துபோய் அந்தப் புத்தகத்தையே தொடாமல் விட்டேன். விட்டால் தானாக நின்றுவிடும் என்ற நினைப்பு. நிற்கவில்லை, அடுத்த செமஸ்டரிலும் நேராகப் போய் மோதினேன்.

நவம்பரில் மறுபடி எழுதுகிறேன். புத்தகம் இப்போது மேஜைமேல் திறந்துதான் இருக்கிறது. அமுக்கிப் பார்ப்போம்.