கேமரன் மலையின் ஓக் மரங்கள்

ஓக் மரம் என்றதும் நமக்கு இங்கிலாந்துதான் நினைவுக்கு வரும். பழுத்து உதிரும் இலைகள், தொப்பி போட்ட கொட்டையைப் பொறுக்கும் அணில் என்று படங்களில் பார்த்த காட்சிகள். அதே குடும்பத்து மரங்கள் நம் கேமரன் மலையிலும் காடாக நிற்கின்றன. மலாய்க்காரர்கள் மெம்பெனிங் என்பார்கள்.

தாப்பாவிலிருந்து பழைய சாலையில் ஏறுங்கள். அடிவாரத்தில் மெராந்தி போன்ற நெடுமரங்களின் ஆட்சி. சுமார் 1,200 மீட்டரைத் தாண்டியதும் ஓக் குடும்பத்தின் கை ஓங்குகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறைவதே முக்கியக் காரணம். ஆனால் இங்கே பனிக்காலம் இல்லை. அதனால் ஐரோப்பிய ஓக் போல மொத்தமாக இலை உதிர்த்து ஓய்வெடுக்காமல், ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கின்றன.

தானா ராத்தாவின் காட்டுப் பாதைகளில் இந்த மரங்களை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அங்கிருந்து தேயிலைச் சரிவுகளைக் கடந்து, 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பிரிஞ்சாங் உச்சிக்குப் போனால் காட்சியே வேறு. ஓக் இனங்கள் குறைகின்றன. நிற்கும் மரங்களும் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் பாசி போர்த்தியிருக்கின்றன. இளம் மரங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மேகம் வெயிலை மறைக்கிறது. காற்றின் ஈரத்தால் இலைகள் நீரை ஆவியாக விடுவது குறைய, வேர் உறிஞ்சும் சத்தும் குறைகிறது. மண்ணோ புளித்த, சத்தில்லாத மண். வளர்ச்சி மெதுவாகத்தானே இருக்கும்?

பூமி சூடாகிவரும் இந்தக் காலத்தில் எனக்குக் கவலை தருவது இதுதான். வெப்பம் 1 பாகை கூடினால், பழைய குளிரைத் தேடி ஒரு மரவினம் சுமார் 170 மீட்டர் மேலே போக வேண்டும். ஓக் கொட்டையோ கனமானது. காற்றில் பறக்காது, சரிவில் கீழ்நோக்கித்தான் உருளும். மேலே கொண்டுபோக அணிலும் எலியும் வேண்டும், இடையில் வெட்டுப்படாத காடும் வேண்டும். அப்படியே ஏறினாலும், உச்சிக்கு மேல் இடமில்லை.

அடுத்த விடுமுறைக்குப் போகும்போது ஸ்ட்ராபெரி பறித்த கையோடு பிள்ளைகளைக் காட்டுப் பாதைக்கும் அழைத்துப் போங்கள். தரையில் தொப்பிக் கொட்டை கிடந்தால் கையில் எடுத்துக் காட்டுங்கள். பிறகு அங்கேயே வைத்துவிடுங்கள். ஓர் அணிலுக்கு அது தேவைப்படும்.