ஆயா கட்டிக் கொடுத்த நாலு முடிச்சு

எங்கள் வீட்டில் நிலவேம்பை யாரும் குறைத்துப் பேசிவிட முடியாது. சப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போன தாத்தாவை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தது அந்தச் செடிதான் என்பது ஆயாவின் தீர்ப்பு. பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் லாரி வந்து நின்றபோது, காய்ந்த நிலவேம்பைப் பழைய சேலைக் கிழிசலில் முடிந்து தாத்தாவின் மடியில் செருகிவிட்டாராம். 415 கிலோமீட்டர் பாதை. மலேரியாவும் பேதியும் ஆளை ஆளாக விழுங்கிய காடு. கொய்னா கிடைக்காத காலம். உலகத்துக் கொய்னாவில் பெரும்பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. அந்த ஜாவா 1942இல் சப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. தாத்தா தினமும் ஒரு கிள்ளு மென்றார், பிழைத்து வந்தார்.

இந்தக் கதையை நான் அறுபது வருடமாகச் சொல்லி வருகிறேன். கோயில் கூட்டத்தில், சாவு வீட்டில், சுங்கைப் பட்டாணி ஒட்டுக்கடையில். போன தீபாவளிக்கு வந்த பேத்தியிடமும் சொன்னேன். மருந்தியல் படிக்கிறாள். முறுக்கைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், "தாத்தா, உங்க ஆயா ஒரு முடிச்சுதான் கட்டினாங்களா?" என்றாள்.

இல்லை. நாலு. எங்கள் லயத்திலிருந்து அன்று நாலு பேர் லாரி ஏறினார்கள், நாலு பேருக்கும் ஆயாதான் கட்டிக் கொடுத்தார். இது எனக்குத் தெரியாத சேதியல்ல. ஆனால் மற்ற மூவரைப் பற்றி ஆயா பேசியதெல்லாம் வேறு நாளில், வேறு குரலில், அழுகையோடு. செடியின் கதையும் சாவின் கதையும் ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதில்லை.

"அப்ப நாலுல ஒண்ணு. முடிச்சு கொண்டுபோகாதவங்கள்ல எத்தனை பேர் திரும்பி வந்தாங்க தாத்தா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் வரவில்லை.

அன்றிரவு படுக்கையில் எனக்கு வந்த காய்ச்சல் ஞாபகம் வந்தது. அப்போது ஒன்பது பத்து வயது இருக்கும். சாயங்காலம் பல் கிட்டிக்கும்படி குளிர், மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடும். பிறகு உடம்பு அடுப்பாகக் கொதிக்கும். அதற்குப் பிறகு வேர்வை, பாய் நனையும், அப்படியே தூங்கிவிடுவேன். ஆயா நிலவேம்புக் கஷாயத்தை மூக்கைப் பிடித்து ஊற்றுவார். மறுநாள் வடிகாலோரம் கோலி விளையாடுவேன். "பார்த்தியா!" என்பார் ஆயா. மூன்றாம் நாள் அதே நேரத்துக்குக் குளிர் திரும்பி வரும். "மோர் குடிச்சிருப்பே, பத்தியம் கெட்டுப்போச்சு" என்று எனக்குத்தான் திட்டு.

முறைக்காய்ச்சல் என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. கிருமி சிவப்பணுவுக்குள் பெருகி 48 மணி நேரத்துக்கு ஒருமுறை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அப்போதுதான் குளிரும் சூடும். நடுவில் ஒரு நாள் ஓய்வு. அந்த ஓய்வு நாளுக்கு முன் எதைக் குடித்திருந்தாலும், வெந்நீரே ஆனாலும், பெயர் அதற்குப் போகும். கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் விரலில் குத்தி, கண்ணாடியில் ரத்தம் தடவிப் பார்த்து, மாத்திரை கொடுத்தார். அதற்கப்புறம் மூன்றாம் நாள் வரவில்லை. ஆயா அதையும் கஷாயக் கணக்கில்தான் எழுதினார்.

அதற்காக ஆயாவை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை, பேத்தியும் கேட்கவில்லை. 1999இல் நம் மலேசிய மூலிகைகள் மூன்றை மலேரியாக் கிருமிக்கு எதிராகச் சோதித்து ஓர் ஆய்வு வந்திருக்கிறது என்று அவளே சொன்னாள். மலாய்க்காரர் ஹெம்பெடு பூமி என்கிற நம் நிலவேம்பு, சீந்திலுக்குத் தங்கையான பாத்தாவாலி, வெற்றிலை இனத்துக் காடோக். குளோரோஃபார்மில் இறக்கிய நிலவேம்புச் சாறு மில்லிலிட்டருக்கு 0.05 மில்லிகிராம் அளவிலேயே 24 மணி நேரத்தில் கிருமியின் வளர்ச்சியை முழுக்க நிறுத்தியது. அதே செடியை மெத்தனாலில் இறக்கியபோது 2.5 மில்லிகிராமும் 48 மணி நேரமும் தேவைப்பட்டன. செடி ஒன்றுதான், ஐம்பது மடங்கு வித்தியாசம்! நிலவேம்பின் கசப்புச் சத்தோ தண்ணீரில் லேசில் கரையாதது. ஆயாவின் சட்டியில் எவ்வளவு இறங்கியதோ.

மலேரியாவுக்கு மருந்து தேடிய சீனத்து தூ யூயூ அம்மாளின் கதையும் இதுதான். மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்றைக் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தும் பலன் நிலைக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டு வைத்திய நூலொன்று, அதைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. சூடுதான் சத்தைக் கெடுக்கிறதோ என்று நினைத்து, நம் உடம்புச் சூட்டிலேயே கொதித்துவிடும் ஈதரில் இறக்கினார். 1971 அக்டோபரில் எலிகளிடம் முழுப் பலன். 2015இல் நோபல் பரிசு.

கிண்ணத்தில் கிருமி செத்தால் மட்டும் மருந்தாகிவிடாது. குளோரோக்ஸ் ஊற்றினாலும்தான் சாகும். பேத்தி கைப்பேசியில் ஒரு பிளாஸ்டிக் தட்டின் படம் காட்டினாள். உள்ளங்கை அகலம், 96 குழி. எல்லாக் குழியிலும் ரத்தமும் கிருமியும். சிலவற்றில் சாறு, சிலவற்றில் தெரிந்த மருந்து. ஓரத்தில் ஒரு வரிசை. "இதுல என்னம்மா?" என்றேன். "ஒண்ணும் ஊத்தலை தாத்தா. இது இல்லாட்டி மத்ததுக்கு அர்த்தமே இல்லை."

அந்த வரிசை என்னைத் தூங்கவிடவில்லை. தோட்டத்துப் பையனான நான் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துத்தான் வாத்தியாரானேன் என்று பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதே விளக்கடியில் என்னோடு படித்த இருவர் கடைசிவரை ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களை நான் எந்த மேடையிலும் சேர்த்ததில்லை.

என் அப்பாவும் அப்படித்தான் கதையில் விடுபட்டவர். கொசு எண்ணெய் அடிப்பவர். காடு வெட்டி வெயில் விழுந்த தெளிந்த ஓடையில்தான் மலைக்கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகுமுன் எண்ணெய் படிய வேண்டும் என்பதால், வாரம் தவறாமல் முதுகில் தகரத்தோடு ஓடை ஓடையாக ஏறி இறங்குவார். காய்ச்சல் வராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து எந்தத் தாயும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. வராத காய்ச்சல் யார் கண்ணுக்குத் தெரியும்? 2018 முதல் நம் நாட்டிலேயே தொற்றிய மனித மலேரியா ஒன்றும் பதிவாகவில்லை. இப்போது காட்டோரத்தில் ஆளைப் பிடிப்பது குரங்கு மலேரியா.

சயாம் கதையை இப்போதும் சொல்கிறேன், "நாலு பேர் போனாங்க" என்று தொடங்கி. போன வாரம் ஒட்டுக்கடையில் ஒருவர் மற்ற மூவரின் பெயரைக் கேட்டார். இரண்டுதான் வந்தது. கூலிமில் இருக்கும் அத்தை மகளுக்குப் போன் போட்டேன். எண்பத்தைந்து வயது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "பேரு ஞாபகம் இல்லை மச்சான், நெட்டையா இருப்பாராம்னு ஆயா சொல்லும்" என்றாள்.